பஞ்சபாண்டவரில் ஒருவர் அந்நியர்

நம் ஊர் ஆகாய மன்றத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சென்ற மார்கழியில் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் நீங்கள் நடத்திய ஆகாயக் கண்காட்சிக்கு, காதை மப்ளரால் மூடிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறி வந்த கிழவர்களில் நானும் ஒருவன். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு டம்ளர் சுக்குக்காப்பியும் கொடுத்து உபசரித்தீர்கள். அதற்கு நன்றி சொல்வது இந்த மடலின் முதல் நோக்கம். மாடிப்படி முடிகிற இடத்தில் நீங்கள் மாட்டியிருந்த படத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்வது இரண்டாவது நோக்கம். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் டெலஸ்கோப்பில் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்ப்பதற்காக நாற்பது குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கிறபோது, முதியவன் ஒருவன் நடுவில் புகுந்து பிரசங்கம் செய்வது நாகரிகம் ஆகாது என்று வாய் மூடியிருந்துவிட்டேன். தனிக் கடிதமாக எழுதாமல் பகிரங்கமாக எழுதுவதேன் என்றால், நான் குறிப்பிடப்போகிற பிசகு உங்களுக்கு மட்டும் உரியதன்று. நன்றாகப் படித்தவர்கள் பலர் செய்கிறார்கள், வெகுகாலம் நானும் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் படம் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி வெளியான அதன் முதல் படங்களுள் ஒன்றாகிய அது, ஏறக்குறைய ஆயிரம் தனித்தனிப் படங்களை ஒட்டிச் சேர்த்து, பதினைந்து கோடிப் புள்ளிகளால் ஆக்கப்பட்டது. அதை ஆளுயர ஃபிளெக்ஸில் அச்சடித்து, மேலே சிவப்பு எழுத்தில் ‘பஞ்சபாண்டவர்’ என்றும், கீழே ‘ஒருதாய் மக்களாய்த் தழுவி நிற்கும் ஐந்து நட்சத்திர மண்டலங்கள்’ என்றும் எழுதியிருந்தீர்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அதன் அருகில் நின்றிருந்தபோது, இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி உங்களில் ஒருவரிடம், “அண்ணா, இதுல தருமர் யாரு?” என்று கேட்டாள். அவர் சிறிதும் தயங்காமல், படத்தின் இடது புறத்தில் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிந்த மண்டலத்தின்மேல் விரலை வைத்து, “இதோ, இவர்தான் மூத்தவர்” என்றார். சிறுமி திருப்தியோடு போய்விட்டாள். எனக்குத்தான் திருப்தி ஏற்படவில்லை. ஏனென்றால் அந்த ஐந்தில் மற்ற நான்கோடு எவ்வித உறவும் இல்லாத அந்நியர் யாரோ, அவர்மேலேயே அந்த விரல் போய் விழுந்திருந்தது.

பெயரைப்பற்றி எனக்குத் தகராறு ஒன்றும் இல்லை. ஐந்து என்று கண்டால் பாண்டவரை நினைப்பது நம் தேசத்து வழக்கம். மாமல்லபுரத்துக் கற்கோயில்கள் ஐந்தையும் ரதங்கள் என்று சொல்லிப் பாண்டவர் பெயரையும் திரௌபதியின் பெயரையும் சூட்டிவைத்தவர்கள் பல்லவர்கள் அல்லர், பின்னால் வந்த ஜனங்கள்தாம். அந்தக் கோயில்களுக்கும் பாரதக் கதைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று சரித்திரக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் அந்தப் பெயர் போகவில்லை, போகவேண்டியதும் இல்லை. குடிசைபோல் ஒன்று, நீண்ட வண்டிக்கூடுபோல் ஒன்று, யானையின் பின்புறம்போல் ஒன்று என வேறுவேறு வடிவங்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கிறவனுக்கு ஏதாவது ஒரு கதை வேண்டியிருக்கிறது. அங்கேயும் நான்கு ஒரே வரிசையில் நிற்க, நகுல சகதேவ ரதம் எனப்படுவது மட்டும் வரிசையை விட்டு விலகித் தனியே நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே தலைப்பை மாற்றும்படி நான் சொல்லவில்லை. அதன் கீழே எழுதிய அந்த ஒற்றை வரிதான் என்னை உறுத்துகிறது. (பாண்டவர் ஐவரும் ஒருதாய் மக்கள் அல்லர், குந்திக்கு மூவரும் மாத்திரிக்கு இருவரும் என்பதைப் பாரதம் கேட்டவர் அறிவர், அது வேறு வழக்கு.)

இந்த ஐவரை முதலில் கண்டவர் எதுவார் ஸ்டெஃபான் என்ற பிரெஞ்சுக்காரர். பிரான்ஸ் தேசத்துத் தென்கரையில் உள்ள மார்செய் நகரத்தின் வானாய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்தவர். ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் கண்முன் காட்டிய ஃபூக்கோவே தம் கையால் உருவாக்கிய, வெள்ளி பூசிய 80 சென்டிமீட்டர்க் கண்ணாடி அவருக்கு வாய்த்திருந்தது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தைப் பார்ப்பதற்காக அவர் சயாம் தேசம் வரைக்கும் போனார். அதே கிரகணத்தைச் சென்னை வானாய்வுக்கூடத்துப் போக்ஸன் மசூலிப்பட்டணத்தில் இருந்து பார்த்தார் என்பது, நமக்கும் அவருக்கும் நடுவே ஒரே நிழல் விழுந்துபோன கதையாக எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஊர் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் மங்கலான நெபுலாக்களைத் தேடித் தேடிக் குறித்துவந்த அவருடைய கண்ணில், பெகாசஸ் என்னும் குதிரை மண்டலத்தில் நெருக்கியடித்துக் கிடந்த இந்தக் கூட்டம் பட்டது. 1877ஆம் ஆண்டில் அதை அவர் உலகத்துக்கு அறிவித்தார். அவை பால்வீதிக்கு அப்பால் உள்ள தனி நட்சத்திர மண்டலங்கள் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் யாருக்குமே ஸ்திரமாகத் தெரியாது. நெபுலா என்றால் மேகம். மேகம் என்றே அவர் எழுதினார்.

1888ஆம் ஆண்டில் டிரேயர் என்பவர் 7,840 பொருள்களுக்கு வரிசை எண் கொடுத்துத் தொகுத்த பெரும் பட்டியலில் இவை 7317 முதல் 7320 வரை எண் பெற்றன. 7318 என்ற ஒரே எண்ணின் கீழ் இரண்டு மண்டலங்கள் இருப்பதால் அவற்றைப் பின்னால் ஏ என்றும் பி என்றும் பிரித்தார்கள். எண்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் உறவு என்று எண்ணுவது மிக இயல்பு. ஆனால் அந்தப் பட்டியல், தெருவில் கதவிலக்கம் போடுகிற நகராட்சிக் குமாஸ்தாவைப்போல், ஆகாயத்தில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்துகொண்டே எண் போட்டது; 12ஆம் எண் வீட்டுக்காரரும் 13ஆம் எண் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பியா என்று குமாஸ்தா கேட்பதில்லை. அதுவாவது தெரு, வீடுகள் ஒரே தூரத்தில் ஒட்டி நிற்கின்றன. ஆகாயமோ ஆழமே தெரியாத ஒரு திரை. அதில் ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பதும் ஒரு யோசனைக்கு அப்பால் இருப்பதும் ஒரே துணியில் பதித்த சரிகைப் பொட்டுகளாகவே நம் கண்ணுக்குத் தோன்றும்.

ஆழம் தெரிவதற்கு வேறு ஓர் உபாயம் வேண்டியிருந்தது. ஒளியைப் பட்டகத்திலோ நுண்கோட்டுத் தகட்டிலோ விழவைத்து நிறம் நிறமாகப் பிரித்தால், அந்தப் பட்டையில் ஹைட்ரஜன் வாயு தனக்கே உரிய கோடுகளை இட்டிருப்பது தெரியும். அவற்றுள் சிவப்பில் விழுகிற ஒரு கோடு, ஆய்வுக்கூடத்து மேசையில் எப்போதும் 656.3 நானோமீட்டரிலேயே நிற்கும். நம்மை விட்டு விலகிப் போகிற மண்டலத்தின் ஒளியிலோ அந்தக் கோடு அங்கே நிற்காமல் மேலும் சிவப்புப் பக்கமாக நகர்ந்திருக்கும். எவ்வளவுக்கெவ்வளவு நகர்வு மிகுதியோ அவ்வளவுக்கவ்வளவு வேகம் மிகுதி. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறபடியால் வேகம் மிகுந்தது எதுவோ, பொதுவாக அதுவே அதிக தூரத்தில் இருப்பதும். மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ் என்ற தம்பதியர் இந்த ஐந்தின் ஒளிப்பட்டைகளையும் சிரத்தையாக எடுத்து அளந்து 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, ஐவர் என்ற கணக்கையே குலைத்துவிட்டது. மூன்று மண்டலங்கள் நொடிக்கு ஏறக்குறைய 6,600 முதல் 6,750 கிலோமீட்டர் வரையிலான வேகத்திலும், 7318பி மட்டும் கொஞ்சம் குறைந்து 5,770ஐ ஒட்டிய வேகத்திலும் விலகிச் செல்கின்றன. அதாவது அவற்றின் சிவப்புக் கோடு 670 நானோமீட்டரைச் சுற்றிப் போய் நிற்கிறது. 7320 என்ற அந்தப் பெரிய மண்டலமோ நொடிக்கு 800 கிலோமீட்டர்கூட எட்டவில்லை. அதன் கோடு 658ஐத் தாண்டவில்லை. பன்னிரண்டு நானோமீட்டர் இடைவெளி என்பது தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அற்ப இடைவெளிக்குள் இருபத்தைந்து கோடி ஒளியாண்டு ஒளிந்திருந்தது. மற்ற நான்கும் ஏறக்குறைய 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நிற்க, 7320 நமக்கு 4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலேயே இருக்கிறது. அது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் மூத்தவர் என்பதன்று; பக்கத்தில் இருப்பவர் என்பதுதான்.

இதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹால்டன் ஆர்ப் என்ற அமெரிக்க வானியலார், சிவப்பு நகர்வு எப்போதும் தூரத்தைக் காட்டுகிறது என்ற நம்பிக்கையே தவறாக இருக்கலாம் என்று பல்லாண்டு வாதாடினார்; இந்த ஐவர் அவருக்குப் பிடித்தமான சாட்சிகள். அவருடைய கட்சி தோற்றது. பிற்காலத்துக் கூர்மையான தொலைநோக்கிகளில் 7320இன் நட்சத்திரங்கள் மணல்மணலாகத் தனித்தனியே பிரிந்து தெரிந்தன. மற்ற நான்கில் அப்படித் தெரியவில்லை. அருகில் இருப்பதுதானே பிரிந்து தெரியும்? ஆயினும் எல்லோரும் தலையாட்டுகிற இடத்தில் ஒருவர் தலையாட்ட மறுத்ததனால்தான் மற்றவர்கள் இவ்வளவு தூரம் அளந்து பார்க்க நேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் படத்தில் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன என்பதை யோசித்துப் பார்த்தீர்களா? நம் வீடுகளில் கல்யாணத்தன்று ஸ்டூடியோக்காரரை அழைத்துக் குடும்பப்படம் எடுக்கும்போது, காலமாகிவிட்ட தாத்தாவின் மாலை போட்ட படத்தை நடு நாற்காலியில் சாய்த்துவைத்து அதையும் சேர்த்து எடுப்பது ஒரு வழக்கம். அந்தப் படத்துக்குள் இரண்டு நாள்கள் உண்டு. தாத்தா சிரித்த நாள் ஒன்று, பேத்திக்குக் கல்யாணம் ஆன நாள் ஒன்று. வெப் எடுத்த படமும் அப்படித்தான். நான்கு மண்டலங்களின் ஒளி புறப்பட்டபோது நம் தென்னிந்தியா ஆப்பிரிக்காவோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டிக்கொண்டு கோண்டுவானா என்ற ஒரே கண்டமாகக் கிடந்தது. டைனோசர்கள் இன்னும் தோன்றவில்லை. 7320இன் ஒளி புறப்பட்டபோதோ டைனோசர்கள் மடிந்து இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. இரண்டு ஒளியும் ஒரே இரவில், ஒரே கண்ணாடியில் வந்து விழுந்தன.

அந்நியருக்கு உறவே கிடையாது என்று எண்ணிவிட வேண்டாம். ஐவர் இருக்கும் இடத்திலிருந்து அரைப் பாகை தூரத்தில், அதாவது முழுநிலவின் அகலத்துக்குச் சமமான இடைவெளியில், 7331 என்ற அழகான பெரிய சுருள் மண்டலம் ஒன்று இருக்கிறது. அதன் வேகமும் நொடிக்கு 800 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. 7320 அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும் என்பது பெரும்பாலோர் கொள்கை. அடுத்த தெருப் பிள்ளை நம் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டான், அவ்வளவே.

இனி மெய்யான சகோதரர்களின் கதைக்கு வருகிறேன். ‘தழுவி நிற்கும்’ என்று எழுதினீர்கள் அல்லவா? அங்கே நடப்பது தழுவல் அன்று, மோதல். 7318பி என்ற சுருள் மண்டலம் மற்ற மூன்றும் இருக்கும் கூட்டத்துக்குள் நொடிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் போனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரு நொடிக்குள் போய்விடலாம். இரண்டு ஆட்டு மந்தைகள் எதிரெதிரே வந்து ஒன்றினூடே ஒன்று புகுந்து போவதைக் கிராமத்தில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். ஆடுகள் இடம்விட்டு ஒதுங்கி மோதாமல் கடந்துவிடும். அவை கிளப்பிய புழுதி மட்டும் கலந்து திரண்டு சுவர்போல் எழும்பி நிற்கும். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளி அத்தனை விசாலமானபடியால் நட்சத்திரங்கள் மோதிக்கொள்வதில்லை, வாயுக்கள்தாம் மோதுகின்றன. அந்த மோதலில் எழுந்த அதிர்ச்சி அலை நம் பால்வீதியைவிடப் பெரிதாக நீண்டு கிடக்கிறது. 1972இல் ஹாலந்து தேசத்து வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கி அதை ஒரு வளைவாகக் கேட்டது. எக்ஸ்-கதிரில் பார்த்தவர்கள் அங்கே பல லட்சம் பாகைச் சூட்டில் வாயு கொதிப்பதைக் கண்டார்கள். இவ்வளவு கொதிப்பின் நடுவிலே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் உடைந்து சிதறிப்போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்த இடத்தில், அவை ஏராளமாக இருந்து அகச்சிவப்பில் ஒளிர்வதை 2006இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி காட்டியதுதான் எனக்குப் பெரிய விசித்திரம். அடுப்பின் நடுவே பனித்துளியைக் கண்டதுபோல!

மேலே கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிற 7319ஐப் பாருங்கள். அதன் நடுவில் இரண்டு கோடியே நாற்பது லட்சம் சூரியர்களின் எடையுள்ள கருந்துளை ஒன்று சுற்றுப்புறத்தை விழுங்கிக்கொண்டு பிரகாசிக்கிறது. ஆனால் நட்சத்திரங்களைப் பெறுவதற்கு வேண்டிய குளிர்ந்த வாயுவில் பெரும்பகுதி அந்த மண்டலத்துக்குள் இல்லை; யாரோ அதைப் பறித்து வெளியே இறைத்துவிட்டார்கள். பறித்தவர் யார் என்று தேடப்போன ஆராய்ச்சியாளர்கள், உங்கள் ஃபிளெக்ஸின் சட்டத்துக்கு வெளியே, கிழக்கே சற்று ஒதுங்கி நிற்கிற ஒரு சிறிய மங்கல் மண்டலத்தை அடையாளம் காட்டினார்கள். அதற்கு 7320சி என்று பெயர். பெயர் அந்நியருடையது, வேகமோ நொடிக்கு ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர், அதாவது இந்தக் குடும்பத்துடையது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கூட்டத்தை ஊடுருவிப் போய், 7319இன் வாயுவை இழுத்து வாலாக நீட்டிவிட்டு, இப்போது ஒன்றும் அறியாததுபோல் வெளியே நிற்கிறது. உடன்பிறந்தவன், ஐவரில் ஒருவனாக எண்ணப்படாதவன், உடன்பிறந்தவர்மேலேயே அம்பு எய்தவன் என்று சொன்னால், அவன் யார் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பஞ்சபாண்டவர் என்று பெயர் வைத்த நீங்கள் கர்ணனைப் படத்துக்கு வெளியே விட்டுவிட்டீர்கள்.

உருட்டிவைத்த வெண்ணெய்போல் கீழே தனித்துக் கிடக்கிற 7317ஐச் சண்டையில் கலவாத சாது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையிலிருந்து நெடுநேரம் ஒளி சேர்த்து எடுத்த படங்களில், அதைச் சூழ்ந்து ஒரு மெல்லிய சிவந்த ஒளிப்படலம் இருப்பது 2018இல் தெரியவந்தது. பழைய சண்டைகளில் அதற்கும் பங்குண்டு என்பதற்கு அதுவே தடயம்.

இந்த மாதிரிக் கணக்குப் பிசகு இவர்களோடு நிற்கவில்லை. 1951இல் கார்ல் சைஃபர்ட் என்பவர் சர்ப்ப மண்டலத்தில் அறுவரைக் கண்டதாக எழுதினார். பின்னர் ஆராய்ந்தபோது ஒருவர் மிகத் தொலைவில் பின்னால் நின்று எட்டிப்பார்க்கிறவர் என்றும், இன்னொருவர் மண்டலமே அல்லர், சண்டையில் ஒரு மண்டலத்திலிருந்து பிய்ந்து வந்த நட்சத்திரத் துணுக்கு என்றும் தேறியது. அறுவர் என்ற பெயர் இன்றும் நிற்கிறது, ஆள் நால்வர்.

ஒரு சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஜவ்வாது மலையில், சிநேகிதர் ஒருவருடைய பத்து அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியில் இந்த ஐவரைப் பார்க்க உட்கார்ந்தேன். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களையும் உத்திரட்டாதியின் இரண்டையும் கோடிட்டுச் சேர்த்தால் ஆகாயத்தில் பெரிய சதுரம் ஒன்று விழும். அதன் வடமேற்கு மூலையிலிருந்து இன்னும் வடமேற்காக நகர்ந்து, முதலில் 7331ஐப் பிடித்து, அங்கிருந்து ஒரு நிலவளவு தெற்கே இறங்கவேண்டும். அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. நேராக உற்றுப் பார்க்காதே, கடைக்கண்ணால் பார் என்றார் சிநேகிதர். மங்கிய ஒளியை உணரும் நரம்புகள் விழியின் நடுவில் இல்லை, ஓரத்திலேயே மிகுதி என்பதால் அவர் சொன்னது சரிதான். ஈரத்துணியால் துடைத்த சிலேட்டில் போகாமல் நிற்கிற பல்பக் கறைபோல மூன்று கறைகள் தெரிந்தன. மூச்சு விட்டால் மறைந்தன. 7318இன் இரண்டும் ஒரே கறையாக இருந்தது. முதலில் கண்ணுக்குப் பிடிபட்டது எது என்று நினைக்கிறீர்கள்? அந்த அந்நியர்தான். மற்றவர்களைக் காண்பதற்கு விடியற்காலம் வரை நான் இருந்திருந்தாலும் முடிந்திராது, மேகம் வந்துவிட்டது. ஐவர் உச்சிக்கு வருவது ஐப்பசி முன்னிரவில். நம் சீமைக்கு அடைமழை வருவதும் அப்போதே.

ஆகையால் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த கண்காட்சிக்கு அதே ஃபிளெக்ஸை மாட்டுங்கள்; அதே பெயரும் இருக்கட்டும். கீழே உள்ள வரியை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்துவிட்டு, 7320இன் அருகில் ‘4 கோடி ஒளியாண்டு’ என்றும், மற்ற நான்கின் அருகில் ‘29 கோடி ஒளியாண்டு’ என்றும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். சட்டத்துக்கு வெளியே இடது பக்கத்துச் சுவரில், கர்ணனுக்காக ஒரு சிறிய வட்டம் வரைய ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அந்த இரட்டைப் பின்னல் சிறுமி எந்த வகுப்பு என்று விசாரித்து, தருமரைத் தவறாகக் காட்டிவிட்டோம் என்று அவளிடம் சொல்லுங்கள். வேறு யாரைத் தருமராக வைக்கலாம் என்று அவளையே கேளுங்கள். வருகிற மார்கழி அமாவாசையன்று இருட்டியதும், குதிரை மண்டலம் மேற்கே சாய்வதற்குள், ஊர் விளக்குகளைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போவோம். டெலஸ்கோப்பை நீங்கள் கொண்டு வாருங்கள். சுக்குக்காப்பி இந்த முறை என் பொறுப்பு.

இங்ஙனம்,
அன்று உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதியவன்